இடுப்பு வலியும் ஒயர்க்கூடையும்

எட்டாம் மாதம் முடிவதற்குள் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் பை கட்டும் பேச்சு வந்துவிடும். ஒயர்க்கூடையில் ஃபிளாஸ்க், டம்ளர், தட்டு, ஸ்பூன். இன்னொரு பையில் பிள்ளைக்குச் சட்டை, குல்லா, சோப்பு, பவுடர். போதாக்குறைக்கு ‘நியூபார்ன் கிட்’ என்று கடையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் தலையில் கட்டிவிடுவார்கள். இந்தப் பட்டியல்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. குழந்தை பிறந்த நொடியிலிருந்துதான் அவை தொடங்குகின்றன. அதற்கு முன் ஒரு பெண் வலியோடு கழிக்கப்போகும் மணி நேரங்களுக்கென்று பையில் எதுவும் இருப்பதில்லை. அந்த நேரத்தைக் கடவுளிடமும் டாக்டரிடமும் விட்டுவிடுகிறோம்.

ஆனால் அந்த மணி நேரங்களில் உடலுக்குள் என்ன நடக்கிறது, எது வலியைக் குறைக்கிறது, எது கூட்டுகிறது என்பதெல்லாம் கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் ஓரளவு தெளிவாகவே தெரிந்துவிட்டது. அதைத் தெரிந்துகொண்டு பை கட்டினால் பாதி உருப்படிகள் வெளியே போய்விடும். பட்டியலிலேயே இல்லாத சில உள்ளே வரும்.

கவிழ்த்துப் பிடித்த சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். கருப்பையின் வாய் கீழே சுருக்கிட்டு மூடியிருக்கிறது. மேற்பகுதித் தசைகள் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் அந்த வாயை மேல்நோக்கி இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக விரிக்கின்றன. முழுதாகத் திறந்தால் 10 சென்டிமீட்டர். இந்த முதல் கட்டத்தில் வாய்ப்பகுதி இழுபடுவதால் கிளம்பும் வலிச்செய்திகள் முதுகுத்தண்டின் நடுப்பகுதிக்குக் கீழே நுழைகின்றன. அடிவயிற்றுத் தோலிலிருந்தும் இடுப்பின் பின்புறத் தோலிலிருந்தும் வரும் நரம்புகளும் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. செய்தி எங்கிருந்து வந்தது என்று மூளைக்குச் சரியாகப் பிரித்துச் சொல்லத் தெரிவதில்லை. வேலை நடப்பது கருப்பையின் வாயில், நோவது முதுகு. இரண்டாம் கட்டத்தில், தலை இறங்கி வரும்போது, வேறு நரம்புகள் வேலைக்கு வருகின்றன. அந்த வலி கூர்மையானது, எங்கே என்று விரல் வைத்துச் சொல்லக்கூடியது.

எவ்வளவு வலிக்கும்? கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975-ல் வலியை அளக்க ஒரு வினாத்தாள் உருவாக்கினார். ‘குத்துகிறதா, எரிகிறதா, பிசைகிறதா’ என்று சொற்களை வைத்து மதிப்பெண் போடும் முறை அது. அதைக்கொண்டு பிரசவத்தில் இருந்த பெண்களை ஆராய்ந்து 1981-ல் அவரும் சக ஆய்வாளர்களும் கட்டுரை வெளியிட்டார்கள். தலைப்பிரசவத்தின் சராசரி வலி, அவர் அதுவரை அளந்திருந்த வலிகளில் மிகக் கடுமையானவற்றோடு சேர்ந்தது. ஆனால் சராசரியைவிட முக்கியமானது பரவல்தான். சிலருக்கு லேசான வலி, சிலருக்குத் தாங்க முடியாத வலி, மற்றவர்கள் எல்லாரும் இடையில். பிரசவப் பயிற்சி வகுப்புக்குப் போன பெண்களுக்கு வலி சற்றே குறைந்தது; மறைந்துவிடவில்லை. ஆகவே, ‘மூச்சுப் பயிற்சி செய்தால் வலியே தெரியாது’ என்று விளம்பரம் செய்பவர் சொல்வது பொய். ‘ஊர்ல உலகத்துல யாரும் பெத்துக்கலையா’ என்று அதட்டுபவருக்கும் இந்தப் பரவல் தெரியாது. பக்கத்துக் கட்டில்காரி அமைதியாக இருப்பதும் இவள் அலறுவதும் மனோதிடத்தை அளக்கும் கோல் ஆகாது.

இந்த வலிக்கு ஒரு ஒழுங்கு உண்டு: விட்டு விட்டு வருகிறது. நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகுகூடப் பத்து நிமிடத்தில் மூன்று அல்லது நான்கு முறை, ஒவ்வொரு முறையும் முக்கால் நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். நான்கு முறை, ஒவ்வொன்றும் 45 விநாடி என்று வைத்தால் பத்து நிமிடத்தில் வலி மூன்று நிமிடம், ஓய்வு ஏழு நிமிடம். ஓய்வு இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கருப்பை இறுகும்போது அதன் சுவருக்குள் ஓடும் ரத்தக்குழாய்கள் நசுங்கி, நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைகிறது. தசை தளரும்போதுதான் குழந்தைக்கு மறுபடி தாராளமாக ஆக்சிஜன் கிடைக்கிறது. இடைவெளி தாய்க்கும் வேண்டும், சேய்க்கும் வேண்டும். வலி ஊசி சொட்டுச் சொட்டாக ஏறும்போது நர்ஸ் வயிற்றில் கைவைத்து எண்ணிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்; பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் போனால் மருந்தைக் குறைக்க வேண்டும்.

அந்த ஊசியில் இருப்பது ஆக்சிடோசின். பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றுக்குக் கருப்பையைச் சுருக்கும் தன்மை உண்டு என்று 1906-ல் கண்டவர் ஹென்றி டேல். ஆக்சிடோசினைச் சோதனைச்சாலையில் செய்துகாட்டிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உடலே சுரக்கும் ஆக்சிடோசினுக்கு ஒரு எதிராளி இருக்கிறது: அட்ரினலின். பயந்தால் சுரக்கும் அதே அட்ரினலின்தான். கருப்பைத் தசையில் அது வந்து ஒட்டும் இடங்கள் உண்டு; ஒட்டினால் தசை தளர்கிறது. குறைமாதத்தில் வரும் வலியை நிறுத்த டாக்டர்கள் கொடுக்கும் சில மருந்துகள் இதே இடத்தில்தான் வேலை செய்கின்றன. அதாவது, பிரசவ அறையில் ஒரு பெண்ணைப் பயமுறுத்துவது, வலியை நிறுத்தும் மருந்தைச் சிறிய அளவில் கொடுப்பதற்குச் சமம். வீட்டில் சுறுசுறுப்பாக வந்துகொண்டிருந்த வலி, ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் நின்றுபோவதற்கும் இது ஒரு காரணம். ‘பொய் வலி’ என்று அவளைத் திட்டுவதில் பயனில்லை.

இங்கேதான் இந்த அத்தியாயத்தின் மையத்துக்கு வருகிறோம். அந்தப் பயத்தை எது குறைக்கும்?

1980-ல் குவாத்தமாலாவில் செய்த ஒரு சிறு ஆய்வு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. அங்குள்ள பெரிய அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்கு வந்த பெண்கள் தனியாகவே வலியைக் கழிக்க வேண்டும் என்பது நடைமுறை. ஆய்வாளர்கள் அவர்களில் சிலருக்கு மட்டும் ஒரு துணையைக் கொடுத்தார்கள். அந்தத் துணை நர்ஸ் இல்லை, சொந்தக்காரியும் இல்லை. முன்பின் தெரியாத ஒரு சாதாரணப் பெண். அவள் செய்ததெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டது, முதுகைத் தடவியது, பேச்சுக்கொடுத்தது. சிக்கல் இல்லாமல் பெற்றவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, தனியாக இருந்தவர்களுக்குச் சேர்ந்ததிலிருந்து பிள்ளை பிறக்கச் சராசரியாக 19.3 மணி நேரம் ஆகியிருந்தது. துணை இருந்தவர்களுக்கு 8.7.

சிறிய ஆய்வு, அதனால் மிகைப்பட்ட எண். பிற்பாடு பல நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளை, 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை, ஒன்றுசேர்த்து 2017-ல் காக்ரேன் அமைப்பு மதிப்பிட்டபோது சராசரியாகக் குறைந்தது 40 நிமிடம்தான். ஆனால் மற்ற பலன்கள் நின்றன. தொடர்ந்து ஒருவர் கூடவே இருந்த பெண்களுக்கு சிசேரியன் நான்கில் ஒரு பங்கு குறைவு. வலி மருந்து தேவைப்பட்டதும் குறைவு. பிரசவத்தைக் கசப்பாக நினைவில் வைத்திருந்தவர்களும் குறைவு. பக்கவிளைவு ஒன்றும் இல்லை. இப்படி ஒரு மாத்திரை இருந்திருந்தால் அதற்குக் காப்புரிமை வாங்க கம்பெனிகள் அடித்துக்கொண்டிருக்கும்.

பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவரை அனுமதிக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2000-களிலேயே வந்துவிட்டது. மத்திய அரசும் 2016-ல் இதை வழிகாட்டுதலாக வெளியிட்டது: ஏற்கெனவே பிள்ளை பெற்ற ஒரு பெண் துணையாக இருக்கலாம், திரை, தடுப்பு என்று மற்றப் பெண்களின் மறைவுக்கு வசதி உள்ள இடங்களில் கணவரும் இருக்கலாம். காகிதத்தில் இருப்பது எல்லா லேபர் வார்டிலும் நடக்கிறதா என்றால், இல்லை. ‘இடமில்லை’, ‘கூட்டம் சேர்ந்தால் தொற்று வரும்’ என்று வாசலிலேயே நிறுத்திவிடுவதும் உண்டு. தனியார் மருத்துவமனைகளில் சில, கணவரை அனுமதிக்கத் தனிக்கட்டணம் வாங்குகின்றன. இது சலுகை அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி என்று கேட்டுப் பெற வேண்டிய விஷயம். யாரை அழைத்துப் போவது என்பதிலும் நிதானம் தேவை. பாசமான அம்மாவே மகள் கத்துவதைக் கண்டு மயங்கி விழுபவராக இருந்தால், அத்தையோ அண்ணியோ மேல்.

துணைக்கு வருபவர் கைக்கு வேலையும் உண்டு. மெல்சாக்கும் பாட்ரிக் வால் என்ற ஆங்கிலேயரும் 1965-ல் சொன்ன கருத்துப்படி, முதுகுத்தண்டில் வலிச்செய்திகளுக்கு ஒரு வாசல் இருக்கிறது. தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுவரும் தடித்த நரம்புகள் முந்திக்கொண்டால் அந்த வாசல் ஓரளவு மூடுகிறது. முழங்கையை இடித்துக்கொண்டதும் உடனே தேய்த்துவிடுகிறோமே, அதற்குப் பின்னால் உள்ள விஷயம் இதுதான். வலி ஏறும்போது இடுப்பின் பின்புறத் தட்டை எலும்பில் உள்ளங்கையை ஊன்றி, நன்றாக அழுத்திக்கொடுக்க வேண்டும். லேசாக வருடுவது சிலருக்கு எரிச்சலைத்தான் தரும். இதற்குப் பையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் வெந்நீர்ப் பையும் போதும். கையில் தாங்கும் சூட்டைவிட அதிகம் வேண்டாம். முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால் வெந்நீர்ப் பையே கூடாது, சுடுவது தெரியாது.

மல்லாந்து படுத்தே கிடப்பதுதான் பிரசவம் என்று சினிமா நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. அப்படிப் படுக்கும்போது நிறைமாதக் கருப்பை முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாயின் மேல் அழுந்தினால் தாயின் ரத்த அழுத்தம் இறங்கும், குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும். படுக்கத்தான் வேண்டும் என்றால் இடதுபுறம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. நடப்பது, உட்கார்வது, கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று நிமிர்ந்த நிலையில் இருந்த பெண்களுக்கு முதல் கட்டம் சராசரியாக 1 மணி 22 நிமிடம் குறைந்ததாக ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். எனவே வழுக்காத செருப்பு ஒன்று, முட்டிக்குக் கீழே இறங்காத தளர்ந்த நைட்டி ஒன்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க வேண்டும். நிரம்பிய சிறுநீர்ப்பை தலை இறங்கும் வழியை அடைத்துக்கொள்ளும்.

மூச்சைப் பற்றி நிறைய வியாபாரம் நடக்கிறது. விஷயம் எளிது: மெதுவாக விடுங்கள். வேகவேகமாக இரைத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனிகள் மரக்கும், தலை சுற்றும், கருப்பைக்கான ரத்த ஓட்டமும் குறையும். முனகுவதும் கத்துவதும் மூச்சை வெளியே விடும் வழிகள்தான். அதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

வலி தொடங்கியதும் ‘ஒன்றும் வாயில் வைக்கக்கூடாது’ என்று சொல்வது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் 1946-ல் போய் நிற்கும். நியூயார்க்கில் கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற மருத்துவர் 44,016 பிரசவங்களை ஆராய்ந்து, மயக்க மருந்தில் இருந்தபோது வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போன 66 பேரைப் பதிவுசெய்தார். அன்று முகத்தில் மூடி வைத்து மயக்கம் கொடுத்தார்கள். இன்று பெரும்பாலான சிசேரியன்கள் முதுகில் ஊசி போட்டு நடக்கின்றன. சிக்கல் இல்லாத பெண்கள் வலியின்போது குடிக்கலாம், சாப்பிடலாம் என்பது 2018-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரை. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் காரணம் கேளுங்கள். சில சமயம் நியாயமான காரணம் இருக்கும். இளநீர், அரிசிக்கஞ்சி, இட்லி போதும். பிரியாணி வேண்டாம்; வலியில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். உறிஞ்சுகுழல் வைத்த தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தால், ஒருக்களித்துப் படுத்துக்கொண்டே குடிக்கலாம்.

அதே 2018 பரிந்துரையில் இன்னொரு வரி உண்டு. அதை எல்லாக் குடும்பங்களும் தெரிந்திருக்க வேண்டும். ‘மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும்’ என்பது 1950-களில் அமெரிக்க மருத்துவர் இமானுவேல் ஃப்ரீட்மன் வரைந்த வளைகோட்டிலிருந்து வளர்ந்த கணக்கு. பல பெண்களுக்கு அது பொருந்துவதில்லை என்று இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து சென்டிமீட்டர் வரை எவ்வளவு நேரமும் ஆகலாம். அதன் பிறகு தலைப்பிரசவத்தில் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள் முடியும். தாயும் சேயும் நன்றாக இருக்கும்வரை மெதுவாகப் போவது மட்டுமே கத்தி எடுக்கக் காரணம் ஆகாது.

மருந்து கேட்பது தோல்வி இல்லை. முதுகுத்தண்டைச் சுற்றி மருந்து ஏற்றும் எபிடியூரல்தான் இருப்பதிலேயே நன்றாக வலியைத் தணிப்பது. அதனால் சிசேரியன் கூடும் என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. பிரசவம் சற்று நீளலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம், மயக்க மருத்துவர் கூடவே வேண்டும். இந்தக் கடைசிக் காரணத்தால்தான் பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் அது எட்டாக்கனி. பாதி நைட்ரஸ் ஆக்சைடு, பாதி ஆக்சிஜன் கலந்த வாயு சில இடங்களில் உண்டு. உறிஞ்சி அரை நிமிடத்துக்கு மேல் ஆன பிறகுதான் அது வேலை செய்யும். ஆகவே வலி உச்சிக்குப் போனபின் முகமூடியைத் தேடினால் பயனில்லை. தொடங்கும்போதே இழுக்க வேண்டும்.

தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன். நாட்டின் சராசரி 21.5. இந்த எண்ணைப் பற்றித் தனியாகவே ஒரு புத்தகம் எழுத வேண்டும். இங்கே சொல்ல வந்தது பையைப் பற்றி: சுகப்பிரசவம் என்று நம்பிப் போனாலும் அறுவைக்கும் சேர்த்துக் கட்டுங்கள். கூடுதல் நாள் துணி வேண்டும். தழும்பு அடிவயிற்றில் கீழே குறுக்காக வரும். இறுக்கிய எலாஸ்டிக் அங்கே உராயும். இடுப்புக்கு மேல் ஏறி நிற்கும் பருத்தி உள்ளாடையும், பால் கொடுக்க முன்பக்கம் திறக்கும் நைட்டிகளும் இரண்டு வகைப் பிரசவத்துக்கும் ஒத்துவரும். வழக்கமான நாப்கின் போதாது, நீளமானது தேவை. ஒரு மணி நேரத்துக்குள் ஒன்று முழுதாக நனைந்தால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். நகைகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்களைக் கழற்ற மனம் வராது, ஆனால் ஊசிக்குழாய் பொருத்துவது அங்கேதான்.

இனிப் பிள்ளைக்கு. நனைந்த உடலோடு வெளியே வரும் குழந்தை, துடைக்காமல் விட்டால் பத்து இருபது நிமிடத்தில் 2 முதல் 4 டிகிரி வரை வெப்பத்தை இழக்கலாம். பெரியவர்கள் போல நடுங்கி உடலைச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. எனவே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம், பலமுறை துவைத்து மிருதுவான பழைய வேட்டியோ பருத்திப் புடவையோ கிழித்த துணிகள், வெயிலில் உலர்த்தியவை. ஒன்று துடைக்க, அதை அப்புறப்படுத்திவிட்டு இன்னொன்று போர்த்த. ஈரத்துணியிலேயே சுற்றிவைப்பதுதான் பெரிய தவறு. உடலின் பரப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு தலை என்பதால் குல்லா அவசியம். முதலில் வரும் கறுத்த பிசுபிசுப்பான மலத்துக்கும் அந்தப் பழந்துணிதான் சரி. இந்தத் துணிகளைவிடச் சூடான இடம் ஒன்று இருக்கிறது: தாயின் வெற்று மார்பு. முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். பவுடர், மை, பால் புட்டி, பால் பவுடர் டப்பா நான்கையும் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். சேனை வைக்கத் தேனும் வேண்டாம்; ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் அதிலுள்ள நுண்ணுயிர் விஷம் உண்டாக்கக்கூடும்.

அரசு மருத்துவமனையில் பெற்றவர்களுக்கு 2015 முதல் ஒரு பரிசுப் பெட்டகம் கொடுத்தார்கள்: குழந்தைக்குத் துண்டு, கொசுவலை, உடை, நகவெட்டி, தாய்க்குச் சுண்டி லேகியம் என்று 16 பொருட்கள். பின்லாந்து நாடு 1938-லிருந்து கொடுத்துவரும் பெட்டிக்கு இது தங்கை. ஆனால் அது கிடைத்தாலும் பிள்ளை பிறந்த பிறகுதான், முதல் துணியை நாமே கொண்டுபோக வேண்டும்.

காகிதங்களைத் தனி உறையில் போட்டுப் பையின் மேலே வையுங்கள். தாய்சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், ரத்தப் பிரிவு, ஆதார், வங்கிப் பாஸ்புக், கர்ப்பத்தைப் பதிவுசெய்ததும் தரும் பிக்மி எண். பிறப்புச் சான்றிதழுக்கும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் பிக்மி எண்ணைக் கேட்பார்கள். தாயின் ரத்தம் நெகட்டிவ், குழந்தையுடையது பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஒரு ஊசி போட வேண்டும். அட்டையில் ரத்தப் பிரிவு இல்லாமல் போனால் அந்த நேரம் தேடுவதிலேயே கழியும்.

எப்போது கிளம்புவது? சீரகத் தண்ணீர் குடித்து, கொஞ்சம் நடந்து பார்த்து, அடங்கிவிட்டால் சூட்டு வலி. தலைப்பிரசவத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் நீடிக்கும் வலி, ஒரு மணி நேரம் விடாமல் வந்தால் கிளம்பலாம். ஆஸ்பத்திரி தொலைவு என்றாலோ, இது இரண்டாம் பிரசவம் என்றாலோ அவ்வளவு காத்திருக்க வேண்டாம். பனிக்குடம் உடைந்தால், ரத்தம் வந்தால், பிள்ளை அசைவது குறைந்தால், கடும் தலைவலியோடு கண் மங்கினால் வலி வரக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். குறித்த தேதியில் பிறப்பது 100-ல் நாலைந்து குழந்தைகள்தான். ஆகவே 36-ஆம் வாரத்தில் பை கட்டி முடிந்திருக்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை செக்கப்புக்குப் போகும்போது டாக்டரிடமோ நர்ஸிடமோ கேளுங்கள்: “வலி நேரத்துல என்கூட யார் இருக்கலாம்?” பதில் ‘யாரும் கூடாது’ என்று வந்தால், அரசின் வழிகாட்டுதலை எடுத்துச் சொல்லி, இன்னொரு முறை கேளுங்கள்.